கிட்டார் கம்பி: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகள்

இசைக்கருவிப் பகுதிக்கு இம்முறை காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிட்டார் கம்பியைப் பற்றியவை. அதனால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். கீழே 10, 12, 46 என்று வரும் கேஜ் எண்கள் எல்லாம் கம்பியின் தடிமனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் குறிப்பவை. 10 என்றால் 0.254 மில்லிமீட்டர், 46 என்றால் 1.17 மில்லிமீட்டர்.

புதுவயலில் அரிசி ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து தரும் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மகன் கிட்டார் வாசிக்கிறான். ஒரு செட் கம்பிக்கு அவன் கொடுக்கும் விலையைப் பார்த்தால், நாமே செய்தால் என்ன என்று தோன்றுகிறது. எப்படிச் செய்கிறார்கள்? என் பட்டறையில் முடியுமா?
– ல. சோ., புதுவயல்

ஒரு பகுதி முடியும். இன்னொரு பகுதியைச் சிறு பட்டறையில் யாரும் தொடுவதில்லை. எஃகை இழுத்துக் கம்பியாக்குவதுதான் அந்த இரண்டாவது பகுதி.

கார்பன் ஏறக்குறைய 0.8 சதவீதம் உள்ள எஃகுத் தண்டைப் பழுக்கக் காய்ச்சி, உருகிய ஈயத் தொட்டியில் விட்டுப் பதப்படுத்துவது பழைய, தேர்ந்த முறை. பிறகு டங்ஸ்டன் கார்பைடு அச்சு, மெலிந்த பிறகு வைர அச்சு என்று ஒன்றன்பின் ஒன்றாக நுழைத்து இழுப்பார்கள். இழுக்க இழுக்கக் கம்பி மெலியும், வலுவும் ஏறும். துருவைத் தடுக்க மேலே வெள்ளீயம் பூசுவார்கள். இசைக்கருவித் தரத்தில் இதைச் செய்யும் ஆலைகள் உலகில் சிலதான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், எலிசபெத்டன் ஊரில் உள்ள மேப்ஸ் பியானோ கம்பி ஆலை அவற்றில் பெயர் பெற்றது. கடையில் ஒன்றோடொன்று போட்டி போடும் பல பிராண்டுகளின் எஃகு அங்கிருந்து வருவதுதான். டடாரியோ போன்ற பெரிய நிறுவனம் தன் ஆலையிலேயே கம்பி இழுத்துக்கொள்கிறது. மற்றவர்கள் உருளையில் சுற்றிய கம்பியை எடைக்கு வாங்குகிறார்கள். நீங்களும் அப்படித்தான் தொடங்க வேண்டும்.

வெறுங்கம்பி, அதாவது மேலே சுற்று இல்லாத, மிக மெல்லிய முதல், இரண்டாம் கம்பிகள், செய்வதற்குச் சுலபம். உருளையிலிருந்து வரும் கம்பியை நேராக்கி, நுனியை, கிட்டாரில் கம்பியைப் பிடித்து நிறுத்தும் சிறு பித்தளைக் குண்டின் நடுப் பள்ளத்தில் வளைத்து, தன்மேலேயே முறுக்கிப் பூட்டி, ஒரு மீட்டர் அளவில் வெட்டினால் வேலை முடிந்தது. 10 கேஜ் கம்பி ஒரு மீட்டர் 0.4 கிராம்தான் இருக்கும். ஒரு கிலோ வாங்கினால் கழிவு போக ஏறக்குறைய 2,400 முதல் கம்பிகள் கிடைக்கும். எலெக்ட்ரிக் செட்டில் ஆறு கம்பியும் குண்டுகளும் சேர்த்து எடை பார்த்தால் 15 முதல் 18 கிராம்தான் வரும். அதனால் விலையில் உலோகத்தின் பங்கு சிறிது. பெரும்பங்கு சீரான வேலைக்கும், கழித்துப்போடும் கம்பிக்கும், பொதிக்கும், விளம்பரத்துக்கும் போகிறது.

சுற்றுக்கம்பியில்தான் தொழில் இருக்கிறது. உள்ளே ஆறு பட்டை உள்ள எஃகுக் கம்பி, மேலே மெல்லிய சுற்று. உள்கம்பியின் குண்டு முனையை ஒரு கொக்கியிலும் மறுமுனையை எதிர்க் கொக்கியிலும் மாட்டி, குறிப்பிட்ட இழுவையில் விறைப்பாக வைத்து, இரண்டு கொக்கிகளையும் ஒரே வேகத்தில் சுழற்றுவார்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று. மேல்கம்பியின் நுனியைக் குண்டுப்பக்கம் சிக்கவைத்து, லேசான சாய்வில் ஊட்டிக்கொண்டே போனால் அது நெருங்கி நெருங்கிச் சுற்றிக்கொள்ளும். பட்டைகளின் விளிம்பு மேல்கம்பியைக் கடித்துப் பிடிப்பதால் நழுவாது. ஆறாவது கம்பிக்கு 18 கேஜ் உள்கம்பி, 14 கேஜ் மேல்கம்பி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். இருபக்கமும் சேர்த்து 46 வரும். ஒரு மீட்டரில் 2,800 சுற்று விழும். அதற்கு 7 மீட்டருக்கு மேல் மேல்கம்பி செலவாகும்.

உங்கள் லேத்தில் ஒரு முனைதான் சுழலும், மறுமுனை சும்மா கூடவே வரும். இதுதான் நீங்கள் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல். ஒரு பக்கம் மட்டும் இழுத்துச் சுழற்றினால் உள்கம்பி முறுக்கேறி நிற்கும். கழற்றியதும் கம்பி தன்னால் சுருளும், கிட்டாரில் மாட்டிய பிறகு சுருதி நிற்காது. இரு முனைகளையும் ஒரே தண்டிலிருந்து பல்சக்கரம் வைத்தோ, ஒத்து ஓடும் இரண்டு மோட்டார் வைத்தோ ஓட்ட வேண்டும். அடுத்தது மேல்கம்பியின் இழுவை. குறைந்தால் சுற்று தளர்ந்து நாதம் செத்துப்போகும். கூடினால் மேல்கம்பியே நீண்டு மெலியும், எடை மாறும், கம்பி விறைக்கும். கையால் ஊட்டாமல் உராய்வுத் தடை வைத்த உருளையிலிருந்து ஊட்டுவது புதியவர்களுக்கு நல்லது. மேல்கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கவே கூடாது.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், வெறுங்கம்பியில் தொடங்குங்கள் என்போம். அதிகம் அறுவதும் உதிரியாக அதிகம் விற்பதும் அதுதான். ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் காட்டும் மைக்ரோமீட்டர் ஒன்று முதல் நாளே வேண்டும். 10 கேஜ் என்று வந்த கம்பி உண்மையில் பத்தரையாக இருந்தால், வித்தியாசம் 0.013 மில்லிமீட்டர்தான், ஆனால் எடையும் இழுவையும் 10 சதவீதம் ஏறிவிடும். வாசிக்கிறவரின் விரல் அதை உடனே உணரும். உருளையின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் அளந்து எழுதி வையுங்கள்.

மாதா கோவில் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். புதிதாகப் பிரித்த செட்டிலேயே நான்காவது கம்பி மட்டும் மரக்கட்டையைத் தட்டியது போல ஒலித்தது. எப்போதும் வாங்கும் அதே கம்பெனிதான். போலியா?
– அ. ஜே., தேவகோட்டை

போலியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு கம்பி மட்டும் செத்திருந்தால், அநேகமாக அதன் சுற்று உள்கம்பியை விட்டு எங்கோ தளர்ந்திருக்கிறது. ஆலையிலேயே அப்படி வந்திருக்கலாம், மாட்டும்போதும் நேரலாம். நான்காவது கம்பிதான் எல்லாவற்றிலும் மெல்லிய உள்கம்பிகளில் ஒன்றைக் கொண்டது என்பதால் அது முதலில் பாதிக்கப்படுகிறது.

மாட்டும்போது இரண்டு தவறுகளைக் கவனியுங்கள். ஒன்று, சாவியில், அதாவது சுருதி கூட்டும் முறுக்காணியில், ஏற்றுவதற்கு முன்பே கம்பியை வெட்டிவிடுவது. ஆறு பட்டை உள்கம்பியாக இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கும். உருண்டை உள்கம்பி வைத்த செட்டாக இருந்தால் வெட்டிய இடத்திலிருந்து சுற்று அவிழ ஆரம்பிக்கும். அட்டையில் ‘ரவுண்ட் கோர்’ என்று போட்டிருந்தால், சாவியைத் தாண்டி வரும் நுனியை முதலில் செங்குத்தாக மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். இரண்டு, சுருளைப் பிரிக்கும்போது கம்பியை முறுக்கிக்கொண்டே போய் அந்த முறுக்கோடு சாவியில் பூட்டுவது. குண்டைப் பிரிட்ஜில், அதாவது மேல்பலகையில் கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் கட்டையில், உட்கார வைத்த பிறகு மறுமுனையைக் கையை விட்டுத் தொங்கவிடுங்கள். முறுக்கு தானாகக் கழன்றுவிடும்.

எது குறை என்று கண்டுபிடிக்க எளிய வழி: கம்பியைக் கழற்றாமல் நடுவில் பலமாக மீட்டிவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே வைத்து அசைவைப் பாருங்கள். சீரான கம்பி அகன்ற ஒரே பட்டையாகத் தெரியும். எடை சீராக இல்லாத கம்பி நெளியும், உள்ளே இரண்டு மூன்று கோடு ஓடுவதுபோலக் காட்டும். 12வது பிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) விரல் நுனியால் மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். மற்ற ஐந்து கம்பியிலும் ஒத்து, இதில் மட்டும் விலகினால் பழுது கம்பியில்தான். கடைக்காரரிடம் காட்டி மாற்றிக் கேட்கலாம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு மாணவர்கள் ஐந்து கிட்டார் வாசிக்கிறார்கள். முதல் கம்பி வாரத்துக்கு ஒன்று அறுகிறது. தடிமனான கம்பி போட்டால் அறுகாது என்கிறார் ஒருவர். சரியா?
– மு. வ., கோட்டையூர்

சரியில்லை. நல்ல நம்பிக்கையோடு பரவியிருக்கும் தவறான எண்ணம் இது, அதனால் கணக்கையே தருகிறோம். சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில் நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பி தங்கும் பள்ளக் கட்டை) சேடில் (பிரிட்ஜில் கம்பி தங்கும் கட்டை) வரை நீளம் 648 மில்லிமீட்டர். முதல் கம்பியை அதன் சுருதிக்கு ஏற்றினால், 10 கேஜுக்கு 7.4 கிலோ இழுவை விழும். அந்தக் கம்பி தாங்கக்கூடியது சுமார் 14 கிலோ. ஆக, எப்போதும் தன் வலுவில் பாதியைச் சுமந்துகொண்டே இருக்கிறது. தடிமனைக் கூட்டினால் வலு கூடும், ஆனால் அதே சுருதிக்கு ஏற்ற அதே விகிதத்தில் இழுவையும் கூடும். எஃகின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் சுமப்பது அப்படியேதான் இருக்கும். தடித்த கம்பி கொஞ்சம் பின்தங்கவும் செய்யும், ஏனென்றால் மெல்லியதாக இழுத்த எஃகுதான் அளவுக்கு அதிக வலுவுள்ளது.

அறுந்த துண்டைத் தூக்கிப் போடாமல், எந்த இடத்தில் அறுந்தது என்று பாருங்கள். குண்டின் முறுக்கிலேயே அறுந்தால், முறுக்கு மேலேறி வந்து சேடில்மேல் உட்கார்ந்திருக்கிறது. பிரிட்ஜின் உள்பலகை தேய்ந்து குண்டு உள்ளே புதைவதால் அப்படி ஆகும். சேடில்மேல் அறுந்தால் அங்கே பிசிறு இருக்கிறது, ஆயிரம் நம்பர் உப்புத்தாள் போதும். நட்டில் அறுந்தால் பள்ளம் இறுக்கம். சாவியைத் திருப்பும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டு, சுருதி சட்டென்று தாவுமே, அதுதான் அடையாளம். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தால் சரியாகும். சாவித் தண்டின் துளையில் அறுந்தால் துளையின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. அந்த ஒரு சாவியை மட்டும் ஊசி அரத்தால் மழுக்கினால் போதும்.

பள்ளிகளில் நேரும் இன்னொன்று: பாட்டின் சுருதிக்கு ஏற்ப கிட்டாரையே ஏற்றிவிடுவது. அரைச்சுரம் ஏற்றினால் இழுவை 12 சதவீதம் ஏறும். இரண்டு அரைச்சுரம் ஏற்றினால் 26 சதவீதம். ஆறு ஏற்றினால் இரட்டிப்பாகும், அதாவது அறுந்தே தீரும். கழுத்தில் கம்பிகளைக் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போ ஒன்று வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.

கல்லுக்கட்டிப் பக்கம் சிறிய இசைக்கருவிக் கடை தொடங்குகிறேன். கம்பி எங்கிருந்து எப்படி வருகிறது, எதை எவ்வளவு வாங்கி வைக்கலாம், போலியை எப்படி அறிவது?
– எஸ். சு., காரைக்குடி

முதலில் வரும் பாதை. எஃகு ஆலையிலிருந்து கம்பி, கம்பி நிறுவனத்துக்குப் போகிறது. டடாரியோ நியூயார்க் மாநிலத்து ஃபார்மிங்டேலில் இருக்கிறது. இத்தாலியின் சாலே ஊரில் ஆட்டுக்குடலில் நரம்பு திரித்த குடும்பம் அது. 1962இல் ‘ஸ்லிங்கி’ செட்டைக் கொண்டுவந்த எர்னி பால் கலிபோர்னியாவின் கோச்செல்லாவில் தயாரிக்கிறது. ஜிஎச்எஸ் மிச்சிகனில், ரோட்டோசவுண்ட் இங்கிலாந்தின் கென்டில், தோமாஸ்டிக் வியன்னாவில், சவாரெஸ் பிரான்சின் லியோன் அருகே. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அலைஸ் சீனத் தயாரிப்பு. இவற்றுக்கு நடுவே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு: கிட்டார் கம்பெனிகள் பலவும் தங்கள் பெயரில் விற்கும் கம்பியைத் தாங்கள் செய்வதில்லை. ஒரு சில ஆலைகள் வேறு வேறு பெயர்களுக்குச் செய்து கொடுக்கின்றன. அதனால் வாடிக்கையாளர் கேட்கும் பெயர் இல்லையென்றால், அதே கேஜும் அதே உலோகமும் உள்ள வேறு நல்ல செட்டைத் தயங்காமல் கொடுக்கலாம்.

இந்தியாவுக்குள் ஒவ்வொரு பெரிய பிராண்டுக்கும் அங்கீகரிக்கப்பட்ட இறக்குமதியாளர் இருப்பார். அவரிடமிருந்து சென்னை, மதுரை, திருச்சி மொத்த வியாபாரிகள் வழியாக உங்களுக்கு பார்சலில் வரும். பில்லில் 9209 30 என்ற எண்ணில் தொடங்கும் வகைப்பாடு இருக்க வேண்டும். இசைக்கருவிக் கம்பிக்கு உரியது அது. வரி விகிதத்தை உங்கள் ஆடிட்டரிடம் அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். மொத்தப் பெட்டியில் பத்து அல்லது பன்னிரண்டு செட் வரும்.

எதை வாங்குவது என்பது உங்கள் ஊரில் யார் வாசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கற்றுக்கொள்ளும் பிள்ளைகள், கோவில் பாடகர் குழு, கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் போகும் மெல்லிசைக் குழு என்று மூன்று தரப்பு வருவார்கள். எங்கள் கணிப்பு: முதல் கொள்முதல் 40 செட் என்றால், அக்கூஸ்டிக் 11இல் தொடங்கும் (முதல் கம்பி 11 கேஜ்) செட் 14, 12இல் தொடங்குவது 8, எலெக்ட்ரிக் 9இல் தொடங்குவது 5, 10இல் தொடங்குவது 5, நைலான் நார்மல் டென்ஷன் 6, பேஸ் கிட்டார் நாலு கம்பி செட் 2. கூடவே உதிரி முதல் கம்பி 30, இரண்டாம் கம்பி 15. உதிரிதான் ஆட்களைத் திரும்பத் திரும்பக் கடைக்கு வரவழைக்கும்.

அக்கூஸ்டிக்கையும் எலெக்ட்ரிக்கையும் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். எலெக்ட்ரிக் கம்பியின் சுற்று நிக்கல் பூசிய எஃகு. கம்பியின் அசைவை மின்குறியாக மாற்றும் பிக்கப்பின் காந்தம் அதை உணரும். அக்கூஸ்டிக்கில் வரும் பாஸ்பர் வெண்கலம் 92 பங்கு செம்பும் 8 பங்கு வெள்ளீயமும் சேர்ந்தது, காந்தத்துக்கு அது இல்லாத மாதிரிதான். எலெக்ட்ரிக்கில் போட்டால் சுற்றுள்ள கீழ்க் கம்பிகள் நான்கும் முனகும், வெறுங்கம்பி மட்டும் கத்தும். பாஸ்பர் வெண்கலச் செட்டை டடாரியோ 1974இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பிருந்தே உள்ள ‘80/20 வெண்கலம்’ என்பது செம்பு 80, துத்தநாகம் 20. அது பளிச்சென்று தொடங்கிச் சீக்கிரம் மங்கும். பாஸ்பர் கொஞ்சம் மென்மையாகத் தொடங்கி நின்று பேசும். வியர்க்கும் நம் ஊருக்குப் பாஸ்பரையே பரிந்துரைக்கிறோம்.

போலியைப் பற்றி. விலை மிகக் குறைவு என்பதே முதல் எச்சரிக்கை. டடாரியோ செட்டில் குண்டுகளின் நிறம் பாருங்கள்: முதல் கம்பிக்கு வெள்ளி நிறம், பிறகு ஊதா, பச்சை, கறுப்பு, சிவப்பு, ஆறாவதற்குப் பித்தளை. போலியில் நிறம் பூச்சாக ஒட்டி நகத்தில் உரியும், அல்லது வரிசை மாறியிருக்கும். உள்பையில் உள்ள குறியீட்டைத் தயாரிப்பாளரின் தளத்தில் பதிந்து பார்க்கலாம். எந்தப் பிராண்டானாலும் மைக்ரோமீட்டர் பொய் சொல்லாது. 10 என்று போட்ட கம்பி 0.25இல் நிற்கிறதா என்று ஒரு செட்டைப் பிரித்து அளந்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள்.

பெட்டி வந்த மாதத்தைப் பென்சிலால் மேலே எழுதி, பழையதை முன்னால் அடுக்குங்கள். காகித உறையில் மட்டும் வரும் மலிவுச் செட்டுகளை ஐப்பசி, கார்த்திகைக்கு முன் விற்றுத் தீர்த்துவிடுவது நல்லது. காற்றுப் புகாத பையில் வருபவை வருடக்கணக்கில் இருக்கும், பை கிழியாத வரை.

என் கிட்டாரில் கம்பி இரண்டே வாரத்தில் கறுத்துப்போகிறது. அண்ணனுக்கு அதே செட் மூன்று மாதம் வருகிறது. பூச்சுள்ள கம்பி வாங்கலாமா? கொதிக்க வைத்தால் புதுசாகும் என்கிறார்களே?
– நா. மீ., காரைக்குடி

அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது பொருத்தம்தான். உங்கள் விரலுக்கும் கம்பிக்கும் நடுவே நடப்பது மின்வேதியியலே. வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் உள்ளன. எஃகின்மேல் பூசிய வெள்ளீயம் முழுசாக இருக்கும்வரை காக்கும். பிரெட்டில் தேய்ந்து ஓரிடத்தில் எஃகு வெளியே தெரிந்ததும் நிலைமை தலைகீழ். உப்பு ஈரத்தில் வெள்ளீயமும் இரும்பும் சிறு மின்கலமாகி, இரும்புதான் முதலில் கரையும். அதனால்தான் துரு, பிரெட்டுக்கு நேராகப் புள்ளி புள்ளியாகத் தொடங்குகிறது. வியர்வையின் அளவும் அமிலத்தன்மையும் ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கும் அண்ணனுக்கும் உள்ள வித்தியாசம் அதுவே.

சுற்றுக்கம்பி செத்துப்போவதற்குத் துரு மட்டும் காரணம் இல்லை. சுற்றுகளின் இடுக்கில் தோல் பொடியும் பிசுக்கும் நிரம்பி அசைவை அடக்கும். கொதிக்க வைத்தால் அந்த அழுக்குக் கழன்று இரண்டு மூன்று நாள் பளிச்சென்று கேட்கும். கழற்றி மாட்டுவதில் கம்பி வளைந்து பலவீனமாகும், உள்ளே போன ஈரம் உள்கம்பியைத் தின்னும். நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பூச்சுள்ள கம்பி உங்களுக்கு ஏற்றது. கோர் நிறுவனம் 1997இல் எலிக்ஸர் என்ற பெயரில், சுற்றின்மேல் டெஃப்லான் வகைப் படலத்தைப் போர்த்திக் கொண்டுவந்தது. இப்போது பலரும் செய்கிறார்கள். விலை கூடுதல்தான், ஆனால் இரண்டு வாரத்தில் கறுக்கும் கைக்குக் கணக்குப் பார்த்தால் லாபம். பூச்சு உரிந்து நூல் நூலாகத் தொங்கினால் கம்பியை மீட்டும் பிக் கூர்மையாக இருக்கிறது என்று பொருள்.

எந்தக் கம்பியானாலும் வாசிக்குமுன் கை கழுவுங்கள். வாசித்த பின் பழைய வேட்டித் துணியைக் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே நுழைத்து, அடிப்பக்கத்தையும் சேர்த்து இழுத்துத் துடையுங்கள். பலர் மேலே மட்டும் துடைக்கிறார்கள். பிரெட்டில் படுவது அடிப்பக்கம். முற்றத்தைப் பார்த்த சுவரில் கிட்டாரைத் தொங்கவிட்டிருந்தால், மழைக்காலத்திலாவது பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். சுற்றுக்குள் இறங்கினால் நாதம் போய்விடும்.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடையில் சின்னதாக ஒரு பழைய கிட்டார் வாங்கினேன். கம்பி இல்லை, பெயர்ச்சீட்டும் இல்லை. எந்தக் கம்பி போடலாம்?
– வி. தெ., கானாடுகாத்தான்

தெரியாத வரையில் எஃகு போடாதீர்கள். 1940களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின், ஸ்பானியக் கிட்டார்க் கலைஞர் செகோவியாவின் ஊக்கத்தில் நைலான் கம்பியைக் கொண்டுவரும்வரை, இவ்வகைச் சிறிய கிட்டார்கள் பலவும் குடல் நரம்புக்காகச் செய்யப்பட்டவை. பிரிட்ஜில் கம்பி முனையை இறுக்கும் முளை இருந்தால் எஃகுக்கானது என்று பலர் எண்ணுகிறார்கள். நரம்பு போட்ட பழைய கிட்டாரிலும் முளை உண்டு. நைலான் செட்டின் மொத்த இழுவை 38 அல்லது 39 கிலோ. 12இல் தொடங்கும் எஃகுச் செட் 74 கிலோ இழுக்கும். அந்த இரட்டிப்புப் பாரத்தில் பிரிட்ஜ் பிடுங்கிக்கொள்ளும், மேல்பலகை வயிறு தள்ளும், கழுத்து வளையும்.

கைக்கண்ணாடியும் சிறு விளக்கும் கொண்டு ஒலித்துளைக்குள் பாருங்கள். பலகைக்கு அடியில் கட்டைகள் ஏணிப்படி போலக் குறுக்கே மட்டும் ஓடினாலோ, கழுத்துக்குள் இரும்புத் தண்டைத் திருகும் துளை எங்கும் இல்லாவிட்டாலோ நைலானிலேயே நில்லுங்கள். முளைப் பிரிட்ஜாக இருந்தால் குண்டு வைத்த நைலான் செட் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நுனியில் முடிச்சுப் போட்டு முளைக்குள் இறக்கலாம். நட்டின் பள்ளம் மெல்லிய எஃகுக்கு வெட்டியிருந்தால் நைலான் மேலே நிற்கும், அளவாக அகலப்படுத்த வேண்டியிருக்கும். முதல் நாளே முழுச் சுருதிக்கு ஏற்றாதீர்கள். இரண்டு சுரம் கீழே வைத்து ஒரு வாரம் விட்டு, பிரிட்ஜின் பின்விளிம்பில் காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள்.

வீணை கற்கிறேன். சாரணித் தந்தி கிடைக்காத சமயத்தில் கிட்டார் முதல் கம்பியைப் போடலாமா? மந்தரத்துக்குச் சுற்றுக்கம்பி போடுவது சரியா?
– க. உ., பள்ளத்தூர்

சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்களால் வீணைக்கே பெயர்பெற்ற காரைக்குடிக்குப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. உலோகம் ஒன்றுதான்: வீணையின் முதல் தந்தியான சாரணியும் கிட்டாரின் வெறுங்கம்பியும் இழுத்த எஃகு. தடிமன் பொருந்தினால் நாதத்தில் குறை வராது. தடை நீளத்தில் இருக்கிறது. கிட்டார்க் கம்பி ஏறக்குறைய ஒரு மீட்டர். தந்தியின் அடிமுனையைக் கட்டும் நாகபாசத்திலிருந்து குதிரை, மெட்டுகள் தாண்டி முறுக்காணியான பிரடையில் நாலு சுற்று விழ அது போதாது. ஒட்டுப் போடவும் முடியாது. பழைய சாரணியின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே அளவில் சுருளாக விற்கும் எஃகுக் கம்பியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுருளை மெழுகுத்தாளில் சுற்றி மூடிய டப்பாவில் வைத்தால் நெடுநாள் வரும்.

கீழ்ச்சுருதித் தந்திகளான மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் பித்தளைக்குப் பதில் சுற்றுக்கம்பி போடுபவர்கள் இருக்கிறார்கள். ஒலி நீண்டு நிற்கும் என்பது உண்மை. ஆனால் சுற்றின் மேடுபள்ளம், கமகத்துக்கு இழுக்கும்போது ‘சர்’ரென்று உராயும், மெட்டையும் அரம்போல் தேய்க்கும். போடுவதானால் மேற்பரப்பை மழித்துச் சமமாக்கிய சுற்றுக்கம்பியை உங்கள் ஆசிரியரிடம் காட்டி, அவர் சம்மதத்தோடு போடுங்கள். மெழுகில் நிற்கும் மெட்டு ஒருமுறை பள்ளம் விழுந்தால் மேளம் கட்டும், அதாவது மெட்டுகளைப் பதித்துத் தரும், ஆளைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

நைலான் கம்பி மாட்டி மூன்று நாளாகிறது, சுருதி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கம்பி மோசமா, கட்டியது மோசமா?
– பெ. ரா., குன்றக்குடி

இரண்டும் இல்லை. நைலான் இழுவையில் நீண்டு நிலைக்க நாலைந்து நாள் எடுக்கும், வெயில் நாளில் இன்னும் இறங்கும். மாட்டிய அன்றே ஒவ்வொரு கம்பியையும் 12வது பிரெட் அருகே விரலால் பிடித்து மெல்ல மேலே இழுத்துவிட்டு மறுபடி சுருதி சேருங்கள். இப்படி நாலு தடவை செய்தால் பாதி நாள் மிச்சம். ஒரு வாரம் தாண்டியும் இறங்கினால் பிரிட்ஜில் போட்ட முடிச்சைப் பாருங்கள். முதல் கம்பி வழுவழுப்பானது, அதற்கு மட்டும் ஒரு சுற்று அதிகம் கொடுத்து, நுனி பிரிட்ஜின் பின்முனைக்குக் கீழே அகப்படும்படி இறுக்க வேண்டும்.